சேலத்தில் தண்ணீர் 99 டிகிரியில் கொதிக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் இது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் இங்கே கொதிநிலை 99 டிகிரி செல்சியஸ். முப்பது கிலோமீட்டர் தள்ளி, சேர்வராயன் மலையில் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் அது 95. ஆனால் நம் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டில் பெரும்பாலும் 100 என்றுதான் இருக்கும். வெப்பமானி 99 காட்டியிருக்கும், புத்தகத்தில் 100 என்று போட்டிருக்கிறது, 100 என்று எழுதினால்தான் மதிப்பெண். கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு, எழுத வேண்டியதை எழுதப் பழக்கும் அந்த நிமிடத்திலேயே அறிவியல் வகுப்பு செத்துப்போகிறது. அப்புறம் ஸ்மார்ட் போர்டில் ராக்கெட் படம் காட்டி என்ன பயன்?

பள்ளிக் கண்காட்சிகளின் படங்கள் உங்கள் இதழில் அடிக்கடி வருகின்றன. தெர்மாகோலில் செய்த எரிமலை, சாண எரிவாயுக் கலன், மழைநீர் சேகரிப்பு வீடு. பிள்ளைகளின் கைவேலையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த எரிமலையில் ஆப்பசோடாவும் வினிகரும் சேர்ந்தால் பொங்கும் என்பது செய்தவருக்கும் தெரியும், பார்க்க வந்தவருக்கும் தெரியும். விடை முன்கூட்டியே தெரிந்த சோதனை யாரையும் இழுக்காது. கைடில் விடை இல்லாத கேள்வியைக் கையில் கொடுத்தால், கடைசி பெஞ்சும் எழுந்து வந்து எட்டிப் பார்க்கும். அப்படிப்பட்ட கேள்விகளுக்குச் சேலம் போல் தோதான ஊர் குறைவு. கீழே மேக்னசைட் என்கிற வெள்ளைக்கல்லும் ஜவ்வரிசியும், தலைக்கு மேலே ஒரு மலை, பக்கத்தில் மேட்டூர் அணை.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறோம். சோதனையைத் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு மாணவரும் அரைத்தாளில் இரண்டு வரி எழுத வேண்டும்: என்ன நடக்கும், ஏன் அப்படி நடக்கும். பேசாமல், பக்கத்துத் தாளைப் பார்க்காமல், இரண்டு நிமிடம். பிறகு கைதூக்கச் சொல்லி எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதுங்கள்: கூடும் என்பவர் 18, குறையும் என்பவர் 14, மாறாது என்பவர் 8. அடுத்து, பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடட்டும். மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பழையதை அடித்துவிட்டுப் புதியதைக் கீழே எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் சோதனை. நாற்பது நிமிட பீரியடில் கணிப்புக்கு 8, செய்வதற்கு 15, ஏன் என்று பேசுவதற்கு மிச்சம் இருப்பது எல்லாம்.

இதில் எது தவறிப்போகும் என்றும் சொல்ல வேண்டும். முதல் பெஞ்சில் நன்றாகப் படிக்கிற பிள்ளை வாயைத் திறந்துவிட்டால் வகுப்பே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அதனால்தான் எழுதி முடிக்கும்வரை பேச்சு கூடாது. ஆசிரியர் முகம் விடையைக் காட்டிக்கொடுக்கும். சரியான கணிப்பைப் படிக்கும்போது தலையாட்டுகிற பழக்கம் நம்மில் பாதிப்பேருக்கு உண்டு. சில பிள்ளைகள் சோதனை முடியும்வரை தாளைக் காலியாக வைத்திருந்து பிறகு நிரப்புவார்கள். கணிப்பைப் பேனாவிலும் கண்டதைப் பென்சிலிலும் எழுதச் சொன்னால் இந்தச் சாமர்த்தியம் பலிக்காது. எல்லாவற்றையும்விட முக்கியம், தவறான கணிப்புக்கு மதிப்பெண் குறைக்கவே கூடாது. குறைத்தால் அடுத்த வாரமே எல்லோரும் கைடு பார்த்துக் 'கணிப்பார்கள்'.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் ஒரு வேலைதான். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். செலவில்லாத சீர்திருத்தம் இது. மனசுக்குள் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணினால் போதும். எண்ணிப் பார்த்தால்தான் தெரியும், மூன்று நொடி எவ்வளவு நீளம் என்று.

நாற்பது பேர் வகுப்பில் ஐந்து பேராக எட்டுக் குழு. அளப்பவர், எழுதுபவர், நேரம் பார்ப்பவர், பொருள் எடுத்து வைப்பவர், 'அது ஏன்?' என்று குடைகிறவர். இந்த ஐந்தாமவர் இல்லாத குழுவில் வேலை சுத்தமாக நடக்கும், யாருக்கும் எதுவும் புரிந்திருக்காது. பொறுப்புகளை வாராவாரம் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கையெழுத்து அழகாக இருக்கிற பெண்பிள்ளை ஆண்டு முழுக்க எழுதிக்கொண்டே இருக்கும், ஒரு நாளும் அளவுசாடியைத் தொட்டிருக்காது.

சரி, பொருளுக்கு வருவோம்.

ஜவ்வரிசி. மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுத்த மாவுச்சத்து, சேலம் மாவட்டத்துத் தொழில். 5 கிராம் ஜவ்வரிசியை மிக்ஸியில் பொடியாக அரைத்து, கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் அரை லிட்டர் தண்ணீரில் ஊற்றிக் கிளறி இறக்குங்கள். 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். அரைக்காமல் முழுசாகப் போட்டால் பாயசம்தான் வரும். மருந்துக் கடையில் கிடைக்கும் 5 சதவீத போவிடோன் அயோடின் 1 மில்லியை 20 மில்லி தண்ணீரில் கலந்தால் கட்டஞ்சாயா நிறத்தில் சோதனைத் திரவம் ரெடி. ஜவ்வரிசிக் கரைசலில் ஒரு சொட்டு விட்டால் கருநீலம். இதுவரை எல்லாம் புத்தகத்தில் உண்டு. இப்போது கேளுங்கள்: அந்த நீலக் கரைசலைச் சுட வைத்தால் நிறம் என்ன ஆகும்? கூடும் என்பார்கள். மறைந்துவிடும், ஆறினால் திரும்ப வரும். மாவுச்சத்தின் சுருளுக்குள் போய் உட்கார்ந்திருக்கும் அயோடின், சூட்டில் வெளியே வந்துவிடுகிறது. கொதிக்கக் கொதிக்க வைத்துக்கொண்டே இருந்தால் மட்டும் அயோடின் ஆவியாகிப் போய்விடும், நிறம் திரும்பாது. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டாலும் நீலம் போகும், ஆனால் ஆறினாலும் வராது. அங்கே வைட்டமின் சி அயோடினை அயோடைடாக மாற்றிவிடுகிறது. ஒரே மாதிரி தோன்றும் இரண்டு 'மறைதல்', இரண்டுக்கும் காரணம் வேறு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளால் இதைப் பிரித்துச் சொல்ல முடியும், நேரம் கொடுத்தால்.

எச்சில் சோதனையும் இதே கரைசலில்தான். வாயைக் கொப்பளித்துவிட்டு, அவரவர் எச்சில் 1 மில்லி, அதோடு 5 மில்லி தண்ணீர். இந்தக் கலவையில் 1 மில்லியை எடுத்து 5 மில்லி ஜவ்வரிசிக் கரைசலில் விட வேண்டும். வெள்ளைப் பீங்கான் ஓட்டில் அல்லது வெள்ளைத் தட்டில் அயோடின் சொட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஒரு சொட்டுக் கரைசலை எடுத்து ஒவ்வொன்றிலும் விடுங்கள். கருநீலம், ஊதா, செம்பழுப்பு, கடைசியில் அயோடினின் சொந்த நிறம். எத்தனையாவது நிமிடத்தில் நீலம் நின்றது என்பதுதான் அளவு. கரைசல் சூடாக இருக்கும்போதே எச்சிலை விட்டால், மாவுச்சத்தை உடைக்கிற எச்சில் நொதி கெட்டுப்போய் ஒன்றுமே நடக்காது. இந்தச் சோதனை 'வராமல்' போவதற்கு இதுதான் முதல் காரணம். எச்சிலை நீர்க்காமல் விட்டால் முதல் நிமிடத்திலேயே எல்லாம் முடிந்துவிடும், பார்ப்பதற்கு மிச்சம் இருக்காது. ஒருவர் எச்சில் பட்ட குழாயை இன்னொருவர் தொடக்கூடாது, வேலை முடிந்ததும் பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் எல்லாவற்றையும் போட்டுவிட வேண்டும்.

இப்போது மலை. டிசம்பர் காலையில் ஏற்காட்டு வகுப்பறையில் குளிர் நடுக்கும். அதே வேளையில் சேலத்தில் மின்விசிறி ஓடும். மேலே ஒரு பள்ளி, கீழே ஒரு பள்ளி, இரண்டும் ஒரே நாளில் ஒரே ஜவ்வரிசியில் இந்த எச்சில் சோதனையைச் செய்யட்டும். எங்கே நீலம் முதலில் மறையும்? எவ்வளவு முன்னதாக? கைடு எழுதியவருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. ஆளுக்கு ஆள் எச்சிலின் வீரியம் மாறும் என்பதால் ஒரு குழுவின் விடையை நம்ப முடியாது. எட்டுக் குழுவின் நேரத்தையும் எடுத்து நடு எண்ணைப் பார்க்க வேண்டும். இடைநிலை அளவு என்ற சொல்லுக்கு அப்போதுதான் ஒரு வேலை வருகிறது. மேலே செய்கிறவர்கள் ஒரு குழாயை உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டும் பார்க்கலாம். வித்தியாசம் குளிரால் வந்ததா, ஆளால் வந்ததா என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மலையும் அடிவாரமும் சேர்ந்து செய்யத்தக்க சோதனைகளில் எங்களுக்குப் பிடித்தது பாட்டில் சோதனை. ஏற்காட்டில், நன்றாக உலர்ந்த ஒரு லிட்டர் காலி பாட்டிலைத் திறந்து ஐந்து நிமிடம் நிழலில் வைத்து, இறுக்கி மூடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிக் கீழே வருவதற்குள் பாட்டில் ஒடுங்கியிருக்கும். சேலத்தில் அதை வாளித் தண்ணீருக்குள் ஐந்து நிமிடம் அமுக்கி வைத்திருந்து, தலைகீழாகப் பிடித்துத் தண்ணீருக்குள்ளேயே மூடியைத் திறக்க வேண்டும். கேள்வி இதுதான்: குமிழி வெளியே வருமா, தண்ணீர் உள்ளே போகுமா? குமிழி வரும் என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள், ஏனென்றால் 'காலி பாட்டிலைத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும்' என்பது கிணற்றடியிலும் குளியலறையிலும் பார்த்துப் பழகியது. தண்ணீர் உள்ளே போகும். உள்ளே ஏறிய தண்ணீரும் வெளியே வாளித் தண்ணீரும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி பாட்டிலை உயர்த்திப் பிடித்து, மூடி, வெளியே எடுத்து அளவுசாடியில் ஊற்றுங்கள். 100-லிருந்து 130 மில்லிக்குள் இருக்கும்.

கணக்குப் பார்த்தால் ஏன் என்று தெரியும். ஏற்காட்டில் காற்றழுத்தம் சுமார் 845 மில்லிபார், சேலத்தில் சுமார் 980. அழுத்தத்தை மட்டும் பார்த்தால் ஒரு லிட்டர் காற்று 860 மில்லியாகச் சுருங்க வேண்டும். அப்படியானால் 140 மில்லி தண்ணீர் ஏற வேண்டும். அவ்வளவு ஏறாது. ஏனென்றால் மேலே 22 டிகிரியில் அடைத்த காற்று கீழே 28 டிகிரித் தண்ணீரில் கொஞ்சம் விரிந்துவிடுகிறது. அழுத்தம் கூடினால் காற்று சுருங்கும் என்கிற பாயில் விதியும், சூடு கூடினால் விரியும் என்கிற சார்லஸ் விதியும் ஒரே பாட்டிலுக்குள். மெல்லிய தண்ணீர் பாட்டில் வேண்டாம். ஒடுங்கிய இடம் நிமிராமல் நின்றுவிட்டால் ஏறும் தண்ணீர் குறைந்துவிடும். குளிர்பான பாட்டில் தடிமனானது, அதுவே நல்லது. உள்ளே ஈரம் இருந்தால் கணக்கு தப்பும். கையில் பிடித்தபடி மூடினால் உள்ளங்கைச் சூட்டில் கொஞ்சம் காற்று வெளியேறிப் போயிருக்கும். மேலே போக வழியில்லாத பள்ளி, ஏற்காடு பஸ்ஸில் தினம் வந்துபோகிறவர் யாரிடமாவது பாட்டிலைக் கொடுத்தனுப்பலாம். சீட்டில் நேரத்தையும் மேலே இருந்த வெப்பநிலையையும் குறித்து ஒட்டிவிட்டால் போதும்.

கொதிநிலைச் சோதனைக்கு 110 டிகிரி வரை காட்டும் சிவப்புத் திரவ வெப்பமானி வேண்டும். பாதரச வெப்பமானியைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், உடைந்தால் சிதறிய பாதரசத்தைப் பொறுக்கி எடுக்க முடியாது. காய்ச்சல் பார்க்கிற வெப்பமானி 42 டிகிரியோடு முடிந்துவிடும். மலிவான வெப்பமானியில் ஒரு டிகிரி பிழை சர்வசாதாரணம். அதனால் ஒரே வெப்பமானி இரண்டு இடத்துக்கும் போக வேண்டும். அல்லது இரண்டையும் உருகும் பனிக்கட்டியில் வைத்துப் பிழையைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெப்பமானியின் குமிழ், பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. கண்ணை அளவுக்கோட்டுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். தண்ணீர் 'சலசல' என்று கொதித்தபின் இரண்டு நிமிடம் கழித்துத்தான் அளவு. அடுப்பைப் பெரிதாக வைத்தால் வெப்பநிலை ஏறுமா என்பதையும் கணிக்கச் சொல்லுங்கள். பெரியவர்களும் இதில் தோற்பார்கள். 99 வந்தால் 99 என்றே எழுதி, பக்கத்தில் 'சேலம்' என்று எழுத வேண்டும். செய்முறைத் தேர்வுக்கு வருகிறவர்கள் அந்த 99-க்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்பதையும் இந்தக் கடிதத்தின் வழியாகவே கேட்டுக்கொள்கிறோம். பத்தாம் வகுப்பில் செய்முறைக்கு ஒதுக்கிய 25 மதிப்பெண் இதற்காகத்தானே.

வெள்ளைக்கல்லுக்கு வருவோம். கருப்பூர், மாமாங்கம், செட்டிச்சாவடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மேக்னசைட் என்று புத்தகத்தில் வருவதும் அதுவும் ஒன்று என்பதைத்தான் சொல்ல வேண்டும். மெக்னீசியம் கார்பனேட். சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு போய் மெக்னீசியம் ஆக்சைடு நிற்கும். அது உருக 2,800 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் எஃகு உலைகளின் உட்சுவருக்கு அதில் செங்கல் செய்கிறார்கள். சுரங்கப் பள்ளங்களுக்குள் பிள்ளைகளை அனுப்பவே கூடாது, ஆசிரியரே ஒரு துண்டு வாங்கி வந்து வைத்துக்கொள்ளட்டும்.

ஆறு வெள்ளைப் பொடிகளை எண் மட்டும் போட்டு மேசைமேல் வையுங்கள்: வெள்ளைக்கல், முட்டை ஓடு, சாக்பீஸ், கோலமாவு, ஆப்பசோடா, ஜவ்வரிசி. கையில் தண்ணீர், வினிகர், அயோடின். எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். சாக்பீஸ் பொங்கும் என்று எல்லோரும் எழுதுவார்கள், ஏனென்றால் 'சாக் என்றால் கால்சியம் கார்பனேட்' என்று படித்திருக்கிறார்கள். பள்ளிச் சாக்பீஸ் பெரும்பாலும் பாரிஸ் சாந்தில் வார்த்தது, ஜிப்சம், பொங்காது. கோலமாவு கடைக்குக் கடை மாறும், எந்தக் கல்லை இடித்தார்களோ அதைப் பொறுத்தது. வெள்ளைக்கல் கார்பனேட்தான், ஆனால் வினிகருக்கு அசையாது. இங்கேதான் வகுப்பு சூடுபிடிக்கும். 'அப்படியானால் இது கார்பனேட் இல்லையா?'

அப்போது ஆசிரியர் மட்டும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுக்க வேண்டும். 110 மில்லி தண்ணீரில் 10 மில்லி அடர் அமிலத்தை ஊற்றிக் கலந்தது. அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கழிப்பறை கழுவுகிற ஆசிட்டை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம், அதன் வீரியம் என்ன, அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வெள்ளைக்கல் கட்டியில் இந்த அமிலம் மந்தமாகத்தான் வேலை செய்யும். பொடியாக்கினால் கொஞ்சம் கூடும். சோதனைக் குழாயை 60 டிகிரி வெந்நீரில் நிறுத்தினால் நன்றாக நுரைத்து வரும். வினைவேகத்துக்குப் பரப்பும் வெப்பமும் காரணம் என்ற பாடம் முழுக்க அந்த ஒரு கல்லில் இருக்கிறது. வரும் வாயுவைச் சுண்ணாம்புத் தெளிநீரில் விட்டுப் பாருங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு கரண்டியை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, இரவெல்லாம் மூடித் தெளியவைத்து, மேல்நீரை எடுத்தால் அதுதான். திறந்து வைத்தால் காற்றிலேயே பால்போல் ஆகிவிடும். வாயுவை அளவுக்கு மேல் விட்டால் வெண்மை போய் மறுபடி தெளிந்துவிடும். 'சோதனை தப்பு' என்று அங்கே நிறுத்திவிடாதீர்கள், அதுதான் அடுத்த கேள்வி.

பத்தாம் வகுப்புக்கு இதிலேயே மோல் கணக்கு. ஒரு கிராம் முட்டை ஓடு, ஒரு கிராம் வெள்ளைக்கல். எது அதிக வாயு தரும்? வேகமாகப் பொங்குவதைப் பார்த்து முட்டை ஓட்டைச் சொல்வார்கள். முட்டை ஓட்டில் இருக்கும் கால்சியம் கார்பனேட்டின் மூலக்கூறு நிறை 100, வெள்ளைக்கல்லின் மெக்னீசியம் கார்பனேட்டுக்கு 84; நிறை குறைந்தால் ஒரு கிராமில் மூலக்கூறுகள் அதிகம். கிராமுக்குக் கிராம் வெள்ளைக்கல்தான் அதிகம் தரும்: சுமார் 290 மில்லி, மற்றது 240-ஐ ஒட்டி. மெதுவாகச் செய்கிறவன் கடைசியில் அதிகம் செய்திருப்பான். ஒரு கிராம் வெள்ளைக்கல்லுக்கு மேற்சொன்ன அமிலம் 25 மில்லி வேண்டும். அதற்குக் குறைந்தால் கல் மிச்சமாகிக் கணக்கு கெடும்.

பாடப்புத்தகச் சோதனைகளில் தப்பான பாடம் சொல்லிக்கொடுப்பவையும் உண்டு. தட்டில் தண்ணீர், நடுவில் மெழுகுவத்தி, மேலே கண்ணாடி டம்ளர். சுடர் அணைந்ததும் தண்ணீர் ஏறுகிறது. 'ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் எரிந்துவிட்டது' என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். உள்ளே ஆக்சிஜன் மீதி இருக்கும்போதே சுடர் அணைந்துவிடும். தண்ணீர் ஏறுவதற்கு முக்கியக் காரணம், சூட்டில் விரிந்திருந்த காற்று ஆறிச் சுருங்குவது. நிரூபிக்க மூன்று மெழுகுவத்தி போதும். அதே டம்ளரை மூன்றின் மேல் கவிழ்த்தால் தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும்; ஆக்சிஜன்தான் காரணம் என்றால் ஒரே உயரம்தானே வர வேண்டும்? ஐந்தில் ஒரு பங்கைக் காட்ட வேண்டுமானால் துருப்பிடிக்க வையுங்கள். சோதனைக் குழாயின் உட்சுவரை நனைத்து, லேத் பட்டறையில் கிடைக்கும் இரும்புத் துருவலைத் தூவி ஒட்டவைத்து, தண்ணீரில் கவிழ்த்து மூன்று நாள் விட்டால், 15 சென்டிமீட்டர் குழாயில் 3 சென்டிமீட்டர் ஏறும். துருவலில் எண்ணெய் இருந்தால் துருவே பிடிக்காது. சோப்புத் தண்ணீரில் அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைப் போட்டால் ஒரு மாதம் ஆனாலும் ஏறாது, அது ஸ்டெயின்லெஸ். உருக்காலை உள்ள ஊரில் பிள்ளைகள் இதை ஒரு தடவை பார்த்துத் தெரிந்துகொள்வதும் நல்லதுதான்.

உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, நட்ட கம்புக்கு நிழலே விழாத நிழலில்லா நாளைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது என்பதால் சுருக்கமாக: சேலத்துக்கு அது ஏப்ரல் 20-ஐயும் ஆகஸ்ட் 22-ஐயும் ஒட்டி வரும். உச்சிவேளை என்பது 12 மணி அல்ல, ஏப்ரலில் 12:16 வாக்கில், ஆகஸ்டில் 12:20 வாக்கில். கம்பு நேராக நிற்கிறதா என்று கொத்தனாரின் தூக்குக்குண்டை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏப்ரலில் தேர்வு, ஆகஸ்டில் மேகம், அவ்வளவுதான் சிக்கல்.

'இதற்கெல்லாம் நேரம் எங்கே, போர்ஷன் யார் முடிப்பது?' என்று சக ஆசிரியர்கள் கேட்பது நியாயம். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்தச் சொல்லவில்லை. மாதத்துக்கு இரண்டு போதும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளுக்கு 2022 நவம்பரில் தொடங்கிய, அறிவியலையும் கணக்கையும் செய்து பார்த்துக் கற்கும் திட்டமான வானவில் மன்றத்தின் நேரம் இருக்கிறது. அதற்காகப் பள்ளிக்கு வரும் கருத்தாளர் கொண்டுவரும் பொருள்களோடு ஒரு பொட்டலம் ஜவ்வரிசியும் இருக்கட்டும். துருவும் சுண்ணாம்பும் வகுப்பு மூலையில் தாமே வேலை செய்துகொண்டிருக்கும், அவற்றுக்குப் பீரியடே தேவையில்லை. ஆனால் ஒன்று. எந்தச் சோதனையையும் முந்தின நாள் மாலை ஆசிரியர் தனியாக ஒரு தடவை செய்து பார்க்காமல் வகுப்பில் செய்யாதீர்கள். கோலமாவு எந்த ரகம் என்று மேசையில் தெரிந்துகொள்வது சுவாரசியம். அமிலத்தின் வீரியத்தை அங்கே தெரிந்துகொள்வது ஆபத்து.

கடைசியாக, உங்களிடம் ஒரு வேண்டுகோள். சோதனைச் சாமான் எதுவும் இல்லாத பள்ளிக்கும் தினம் காலையில் வந்து சேரும் ஒரு கருவி செய்தித்தாள். மேட்டூர் அணை நிலவரத்தை வெளியிடுகிறீர்கள். நீர்மட்டம் அடியில், இருப்பு டிஎம்சியில் (ஒரு டிஎம்சி நூறு கோடி கனஅடி), வரத்தும் வெளியேற்றமும் கனஅடியில். விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் 1 டிஎம்சி. இதை வைத்து இன்றைய வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழித்து, நாளைய இருப்பைப் பிள்ளைகள் இன்றே கணிக்கலாம். மறுநாள் தாளில் சரிபார்க்கலாம். கொஞ்சம் இடிக்கும். காலை நேர வரத்து நாள் முழுக்க அப்படியே இருந்திருக்காது, வெயிலில் ஆவியானதும் கணக்கில் இல்லை. ஒரு மாதம் குறித்து வரைபடம் போட்டால் இன்னொன்றும் தெரியும். முழுக்கொள்ளளவு 120 அடியில் 93.47 டிஎம்சி, 100 அடியில் ஏறத்தாழ 65 டிஎம்சிதான். உயரம் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் தண்ணீர் அதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு குறைகிறதே, ஏன்? அணையின் வயிறு மேலே அகலம், கீழே குறுகல் என்பதை யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை, கோடே வளைந்து காட்டிவிடும்.

ஆனால் இந்த எண்கள் ஒரு நாள் முதல் பக்கத்தில், ஒரு நாள் மாவட்டப் பக்கத்தில், ஒரு நாள் செய்திக்குள் புதைந்து வருகின்றன. அணை நிரம்பும்போது தினமும், வற்றியபின் எப்போதாவது. ஆண்டு முழுக்க, ஒரே இடத்தில், காலை 8 மணி நிலவரமாக ஐந்து வரிக் கட்டம் ஒன்று போடுங்கள்: மேட்டூர் மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம், அதற்குக் கீழே சேலத்தின் உச்ச, தாழ் வெப்பநிலை, ஏற்காட்டின் உச்ச, தாழ் வெப்பநிலை, இரண்டு ஊரின் மழை. வெட்டி ஒட்டுவதற்கு வசதியாக, பின்பக்கத்தில் முக்கியச் செய்தி வராத இடமாகப் பார்த்துப் போட்டால், வீட்டில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சண்டை வராது.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியர்கள் சிலர்,
சேலம்.